சொரியாசிஸும் மாரடைப்பும்: சிஆர்பியா, அப்போ-பியா?

கடுமையான சொரியாசிஸ் (தோலில் செதில் படை உண்டாக்கும் அழற்சி நோய்) உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அந்த நோய் இல்லாத அதே வயதினரைவிட ஏறக்குறைய 3 மடங்கு. பிரிட்டன் மருத்துவப் பதிவேடுகளை அலசி 2006இல் வெளியான ஆய்வு சொன்னது இது. அந்த வயதில் மாரடைப்பே அபூர்வம் என்பதால் 3 மடங்கும் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ரத்த நாளத்தில் கொழுப்புப் படிவு சேர ஆண்டுகள் பல ஆகும் என்பதால், அதை முன்கூட்டியே காட்டும் ரத்தப் பரிசோதனை எது என்ற கேள்வி எழுகிறது.

பலரும் முதலில் எழுதிக்கொடுப்பது எச்எஸ்-சிஆர்பி, அதாவது சிஆர்பியை நுட்பமாக அளக்கும் பரிசோதனை. அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3க்கு மேலே போனால் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. இதன் செல்வாக்குக்குக் காரணம் உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 130க்குக் கீழும் சிஆர்பி 2 அல்லது அதற்கு மேலும் இருந்த சுமார் 17,800 பேருக்கு நடந்த ஜூபிட்டர் ஆய்வில் (2008), ரோசுவாஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்து) எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன.

சொரியாசிஸ் உள்ளவரிடம் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. படை சிவந்து எரியும்போது சிஆர்பி ஏறும். மூட்டு வீங்கினால் ஏறும். வயிற்றுக் கொழுப்பு கூடினாலும் ஏறும். இத்தனை பேர் ஒரே குரலில் பேசும் இடத்தில் நாளத்தின் பேச்சு மட்டும் தனியாகக் காதில் விழுவதில்லை. சொரியாசிஸுக்குப் போடும் அடாலிமுமாப் ஊசியை வைத்து 2018இல் வெளியான ஆய்வு எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது: சிஆர்பி இறங்கியது, ஆனால் ஸ்கேனில் பார்த்த மகாதமனி அழற்சியில் மாற்றம் இல்லை. எண் குறைந்துவிட்டது என்று நிம்மதியடைவதற்கு இது இடம் தரவில்லை.

அப்போ-பி வேறு வகை, கொழுப்புத் துகளில் இருக்கும் புரதம். எல்டிஎல் போல நாளச் சுவருக்குள் நுழையும் ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி மூலக்கூறுதான் இருக்கும். ஆகவே இதை அளந்தால் துகள்களையே எண்ணியதாகிறது. சொரியாசிஸோடு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) அடிக்கடி சேர்ந்து வரும். அப்போது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடி, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைந்து, எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகும். ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்டிரால் குறைவு என்பதால் வழக்கமான அறிக்கையில் எல்டிஎல் சாதுவாகத் தெரியும். அந்த வேடத்தைக் கலைப்பது அப்போ-பி. டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராமைத் தொட்டால் அமெரிக்க வழிகாட்டுதல் அதை ஆபத்தைக் கூட்டும் காரணியாகக் கொள்கிறது. வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது படிவை உண்டாக்கும் பொருளையே அளக்கிறது. ஏறியிருந்தால் ஸ்டேட்டினால் இறக்கலாம்.

அப்போ-பிக்கும் ஒரு குறை உண்டு. சொரியாசிஸ் மருந்துகளே கொழுப்பைக் கலைத்துப்போடும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடை ஏற்றும். சைக்ளோஸ்போரின் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே ஏற்றும். மருந்து தொடங்குமுன் ஒரு முறை அளந்து வைக்காவிட்டால் பிறகு வரும் எண்ணுக்கு யார் பொறுப்பு என்று தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் (இரு வகை வெள்ளை அணுக்களின் விகிதம்) சாதாரண ரத்த அணுக்கள் அறிக்கையிலேயே கிடைக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதும். நாள அழற்சியோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டாலும், எல்லாரும் ஏற்ற எல்லை அளவு கிடையாது. சளிக்காய்ச்சலும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதை எளிதில் குலைத்துவிடும். கிளைக்-ஏ, சிஆர்பியைவிட நாளுக்கு நாள் ஊசலாட்டம் குறைந்த அழற்சிக் குறியீடு. ஆனால் காந்த அதிர்வுக் கருவி கொண்டு அளக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலான ஆய்வகங்களில் கிடைக்காது. மேலே சொன்ன அடாலிமுமாப் ஆய்வில் அதுவும் இறங்கியது, மகாதமனிதான் அசையவில்லை. டிரோபோனின் இதயத் தசை காயப்படுவதைச் சொல்வது. 'ஆரம்பக்கட்டம்' என்ற சொல்லுக்கு அது பொருந்தவில்லை. லைப்போபுரோட்டீன்-ஏ, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகள், மரபு தருவது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்போடு கவனிக்க வேண்டும்.

என் தேர்வு அப்போ-பி, கூடவே சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி. அழற்சி இருக்கிறது என்று சொல்ல சிஆர்பி வேண்டியதில்லை, தோலே சொல்லிவிட்டது. 2018 அமெரிக்கக் கொலஸ்டிரால் வழிகாட்டுதல் சொரியாசிஸையே ஆபத்தைக் கூட்டும் காரணியாக எழுதிவிட்டது. உடலில் 10 சதவீதத்துக்கு மேல் படை இருந்தாலோ, மாத்திரையோ ஊசியோ தேவைப்படும் அளவுக்குப் போனாலோ, இதய ஆபத்து மதிப்பெண்ணை 1.5ஆல் பெருக்கிப் பார்க்கலாம் என்று 2019 தோல் மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

சிஆர்பியை எடுத்தே தீர வேண்டும் என்றால், படை தணிந்து, மூட்டு அமைதியாகி, காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் எடுக்கலாம். அப்போதும் 2க்கு மேலே நின்றால் அந்த எண்ணுக்குக் காது கொடுப்பேன்.