ஸ்கூல் ஜாஸ் பேண்டுல டியூபா: ஹைஸ்கூல் முழுக்க வாசிச்ச அனுபவம்

டியூபான்னா பித்தளையில செஞ்ச ஊதுற கருவிகள்லயே ரொம்ப பெருசு, ரொம்ப கீழ் ஸ்தாயியில சத்தம் குடுக்கறது. ஜாஸ் பேண்டுல அதுக்கு என்ன வேலைன்னு கேக்குறவங்க நிறைய பேரு. அதுலயும் நம்ம ஆளுங்க பிள்ளைய மிடில் ஸ்கூல் பேண்டுல சேக்கும்போது ஃப்ளூட்டா கிளாரினெட்டா சாக்ஸஃபோனான்னு தான் யோசிக்கிறாங்க, டியூபா வந்துச்சுன்னா மாத்தி தர சொல்லி டைரக்டருக்கு மெயில் போட்டவங்கள எனக்கே தெரியும். நான் அமெரிக்காவுல டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் பப்ளிக் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, ஆறாங்கிளாஸ்ல கையில எடுத்த டியூபாவ ஹைஸ்கூல் முடியிற வரைக்கும் விடல, ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து ஜாஸ் பேண்டும் சேந்துச்சு, இப்ப காலேஜ். இவ்ளோ வருஷம் தொடர்ந்து வாசிச்சவங்க தமிழ்ல எழுதி நான் எங்கயும் படிச்சதில்ல, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மொதல்ல சாமான, அதாவது கருவிய பத்தி. ஸ்கூல்ல குடுக்குறது பெரும்பாலும் பி-ஃப்ளாட் டியூபா, சுருட்டி வெச்சிருக்குற குழாய பிரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 18 அடி வரும், வெயிட்டு மாடலுக்கு மாடல் மாறும், பத்து கிலோவுக்கு முன்ன பின்னன்னு வெச்சுக்கலாம், ஹார்ட் கேஸ் தனி. மிடில் ஸ்கூல்ல எனக்கு யமஹாவோட ஒய்பிபி-105 குடுத்தாங்க, மூணு வால்வு (நோட்ட மாத்த விரலால அமுக்குறது), முக்கால் சைஸ். சின்ன உடம்புக்கு அது அருமையான சாமான், மடியில வெச்சா மவுத்பீஸ் தானா வாய்க்கு நேரா வந்து நிக்கும், கழுத்த தூக்கவோ கூன் போடவோ வேண்டாம், இப்பவும் ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு நான் அததான் சொல்லுவேன்.

ஆனா ஜாஸ்னு வந்துட்டா நாலு வால்வு வேணும், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. காரணம் என்னன்னா ஒவ்வொரு வால்வோட குழாயும் தனியா அமுக்குறப்ப சரியா இருக்குற மாதிரி அளந்து வெச்சது, ரெண்டு மூணு வால்வ சேத்து அமுக்குனா மொத்த நீளம் கொஞ்சம் பத்தாம போயி நோட்டு ஷார்ப் ஆயிடும், அதாவது சுருதி கொஞ்சம் ஏறிடும். மூணு வால்வு சாமான்ல கீழ எஃப் நோட்டு, அதுக்கு மேல சி நோட்டு, ரெண்டுக்குமே ஒண்ணும் மூணும் சேத்து தான் அமுக்கணும். ஸ்கூல் ஜாஸ் பேண்டு எதுக்கு வேணா போங்க, மொத மாசம் எஃப் ப்ளூஸ் தான் ஓடும், அதுல அந்த ரெண்டு நோட்டும் தான் தூண், ரெண்டுமே ஷார்ப்பா இருந்தா மேல இருக்குற ட்ராம்போன் நாலு பேரும் எங்கயோ நிக்குற மாதிரி கேக்கும். நாலாவது வால்வு இருந்தா அத ஒண்ண மட்டும் அமுக்குனா போதும், நோட்டு கிட்டத்தட்ட நேரா வந்து உக்காரும்.

இன்னொரு விஷயம், இத யாராவது மொதல்லயே சொல்லி குடுத்தா நல்லது. ஸ்கூல் பிக் பேண்டுக்கு வர்ற சார்ட்டுல (ஒவ்வொரு கருவிக்கும் நோட்டு எழுதின தாள்) டியூபா பார்ட்டு பெரும்பாலும் இருக்காது. சாக்ஸ் அஞ்சு, ட்ரம்பெட் நாலு, ட்ராம்போன் நாலு, அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ் (அடி நோட்டு வாசிக்கிற கம்பி கருவி), ட்ரம்ஸ், அவ்ளோதான் கணக்கு. டியூபா உள்ள வர்றதுக்கு ரெண்டு வழி, பேஸ் வாசிக்க ஆளில்லாம அந்த பார்ட்ட எடுத்துக்கறது, இல்ல நாலாவது ட்ராம்போனோட பார்ட்ட எடுத்துக்கறது. நான் மொத வழில வந்தேன். பேஸ் பார்ட்ட கையில குடுத்தா அது டபுள் பேஸுக்கு, அதாவது பெரிய வயலின் மாதிரி நிக்க வெச்சு வாசிக்கிற பேஸுக்கு எழுதினது, அந்த கருவி பேப்பர்ல இருக்குறத விட ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழ தான் சத்தம் குடுக்கும், டியூபா எழுதின இடத்துலயே குடுக்கும். அதனால சார்ட்ட அப்படியே பாத்து வாசிச்சா பேண்டுக்கு அடியில ஒண்ணும் இல்லாம மிதக்கும். நோட்ட பாத்துகிட்டே மனசுல ஒரு ஆக்டேவ் இறக்கி வாசிக்க பழகணும், டபுள் பேஸோட கடைசி கம்பி ஈ, அது நமக்கு ரெண்டாவது வால்வும் நாலாவது வால்வும் சேந்தது, அங்க வரைக்கும் தெளிவா இறங்க முடிஞ்சா சார்ட்டுல முக்காவாசிக்கு மேல சமாளிச்சிடலாம். சில இடத்துல மேலயே விட்டா தான் லைன் அழகா இருக்கும், அது போக போக காதே சொல்லிடும்.

இப்ப மூச்சு. இதுக்காக தான் இந்த பதிவையே எழுதறேன். வாக்கிங் பேஸ்னா ஒரு பார்ல (நாலு பீட்டு சேந்த ஒரு தாள அளவு) ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு நோட்டு, விடாம நடக்கணும். 12 பார் ப்ளூஸ்னா ஒரு சுத்துக்கு 48 நோட்டு, டெம்போ 160-ல, அதாவது நிமிஷத்துக்கு 160 பீட்டுல போனா அது 18 செகண்ட். கம்பி வாசிக்கிறவருக்கு இதுல ஒரு பிரச்சனையும் இல்ல, விரல் வலிக்கிற வரைக்கும் போகலாம். டியூபாவுல கீழ் ரிஜிஸ்டர் காத்த குடிக்குது பாருங்க, ரெண்டு பார், மிஞ்சிப்போனா மூணு பார், அதுக்குள்ள மூச்சு எடுத்தே ஆகணும். எங்க அப்பா தஞ்சாவூர் பக்கம், நாதஸ்வர கச்சேரி கேட்டு வளந்தவரு, ஒத்து பிடிக்கிறவரு மூச்சே விடாம ஊதுவாரே நீயும் அப்படி பண்ணேன்னு கேட்டாரு. கன்னத்துல காத்த தேக்கி வெச்சு மூக்குல இழுக்குற அந்த முறைய டியூபாவுலயும் பண்றவங்க இருக்காங்க, ஆனா கீழ் நோட்டுக்கு வேண்டிய காத்துக்கு கன்னத்துல நிக்கிறது ஒரு மூலைக்கும் பத்தாது, ஸ்கூல் லெவல்ல அதுல நேரத்த போடுறது வீண்னு தான் நான் நினைக்கிறேன்.

அப்ப என்ன பண்றது, எங்க மூச்சு எடுக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி அதையே லைனோட ஒரு பகுதியா மாத்திக்கணும். கார்டு (சேந்து ஒலிக்கிற நோட்டுங்க) மாறுற பார்ல மொத பீட்ட எந்த காரணத்துக்கும் விடக்கூடாது, பேண்டு மொத்தமும் அத கேட்டு தான் நிக்குது. அதுக்கு முந்தின பார்ல நாலாவது பீட்ட பாதியில வெட்டிட்டு அந்த சந்துல எடுக்கலாம், இல்ல மூணாவது பீட்ட கொஞ்சம் அழுத்தி குடுத்துட்டு நாலாவத முழுசா விட்டுடலாம். பென்சில்ல சின்ன கமா போட்டு வெச்சிருப்பேன், என்னோட சார்ட்டு எல்லாமே கமாவா இருக்கும், சோலோ வாசிக்கிறவரு யாருங்கறத பொறுத்து அழிச்சு மாத்தி போடுவேன், ஏன்னா ட்ரம்பெட் பையன் ஃப்ரேஸ் முடிக்கிற இடமும் ஆல்ட்டோ சாக்ஸ் பொண்ணு முடிக்கிற இடமும் வேற வேற, அவங்க மூச்சு எடுக்கறப்ப நானும் எடுத்தா மொத்தமா ஒரு ஓட்டை விழுந்துடும்.

எங்க ட்ரம்மர் கொஞ்ச நாள்லயே இத கவனிச்சுட்டான். நான் விடுற அந்த நாலாவது பீட்டுல பேஸ் ட்ரம்ம ரொம்ப மெதுவா, பக்கத்துல உக்காந்திருக்குற எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு தட்டு தட்டுவான். நான் சொல்லவே இல்ல, அவனா பண்ணது. அதுக்கப்புறம் அந்த ஓட்டை ஓட்டையாவே தெரியல, மூச்சு, தட்டு, அடுத்த பார் மொத நோட்டுன்னு ஒரு புது ரிதமே வந்துச்சு. அடுத்த வருஷம் ஒரு பையன் எலக்ட்ரிக் பேஸோட சேந்தான், நல்லாவே வாசிப்பான், ஆனா டைரக்டர் பாதி பாட்டுக்கு என்னையே வெச்சுக்கிட்டாரு, பேண்டு சேந்து மூச்சு விடற மாதிரி இருக்கு அத இழக்க எனக்கு இஷ்டமில்லன்னு ரிகர்சல்ல எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. டியூபாங்கறது பேஸுக்கு பதிலா வெச்ச வெறும் மாத்து ஆள் இல்ல, பேஸால பண்ண முடியாத ஒண்ண இது பண்ணுதுன்னு அன்னைக்கு தான் எனக்கு முழுசா புரிஞ்சுச்சு.

டைமிங் பத்தி ஒரு வார்த்தை. குழாய் நீளம், பெல் (சத்தம் வெளிய வர்ற அகல வாய்) மேல பாத்து இருக்கு, சத்தம் கூரையில பட்டு தான் கீழ இறங்கும், அதனால நாம பீட்டுல ஊதினா முன்னாடி உக்காந்திருக்குறவங்களுக்கு லேட்டா கேக்கும். ஒரு முடி அளவு முன்னாடி ஊதணும், ஆனா அவசரப்படுற மாதிரி இருக்கக்கூடாது. நோட்டோட நீளமும் அப்படித்தான், கன்சர்ட் பேண்டுல முழுசா பிடிச்சு பழகினவங்க இங்க வந்து அதையே பண்ணா சேறு மாதிரி ஆயிடும், கம்பிய சுண்டினா எப்படி சத்தம் மெல்ல கரையுமோ அப்படி விடணும், நாக்கால கட் பண்ணக்கூடாது, காத்த குறைச்சு தான் விடணும். இது கைக்கு வர எனக்கு ரொம்ப நாளாச்சு, தினமும் டிக் டிக்னு தாளம் போடுற மெட்ரோனோம ரெண்டாவது, நாலாவது பீட்டுல மட்டும் அடிக்கிற மாதிரி வெச்சு ஒரே ஒரு நோட்ட வாசிச்சு பழகினதுல தான் வந்துச்சு.

கேக்க வேண்டியது நிறைய இருக்கு, இதுவும் ப்ராக்டிஸ் தான். 1925-ல எலக்ட்ரிக் மைக் ரெக்கார்டிங் வர்றதுக்கு முன்னாடி பெரிய கொம்பு முன்னாடி நின்னு தான் ரெக்கார்டு பண்ணாங்க, டபுள் பேஸ் அதுல சரியா விழாது, அதனால பழைய ரெக்கார்டு நிறைய இடத்துல அடியில கேக்குறது டியூபா தான், மைக் வந்து ஸ்விங்ங்கற ஜாஸ் ஸ்டைலும் வந்தப்புறம் 1930-கள்ல கம்பி அந்த இடத்த பிடிச்சுக்கிச்சு. ஆனா 1949, 1950-ல ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒன்பது பேர வெச்சு பண்ண ரெக்கார்டிங்க கேளுங்க, அதுல பேஸ் தனியா இருக்கு, பில் பார்பர் டியூபாவ மேல மத்த ஹார்னோட சேத்து வாசிக்கிறாரு, அவ்ளோ மிருதுவா டியூபா வாசிக்க முடியும்னு எனக்கு காட்டினது அது தான். நாலாவது ட்ராம்போன் பார்ட்டு வாசிக்கப் போறவங்க கண்டிப்பா கேக்கணும். ரே ட்ரேப்பர்னு ஒரு டியூபா கலைஞர், 1957 டிசம்பர்ல சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன பக்கத்துல வெச்சுகிட்டு தன் பேருல ஒரு ஆல்பம் ரெக்கார்டு பண்ணாரு, அப்ப அவருக்கு வயசு 17. நானும் பதினேழு வயசுல தான் அத மொதல்ல கேட்டேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போனா அது வேற உலகம். 1977-ல ஆரம்பிச்ச டர்ட்டி டஜன் ப்ராஸ் பேண்டுல கர்க் ஜோசஃப், 1983-ல ஆரம்பிச்ச ரீபர்த் ப்ராஸ் பேண்டுல ஃபிலிப் ஃப்ரேஸியர், ரெண்டு பேருமே சூசஃபோன் (உடம்ப சுத்தி தோள்ல மாட்டிக்கிற டியூபா), நடந்துகிட்டே தெருவுல வாசிக்கிறவங்க, அவங்க லைன காதுல கேட்டு எழுதி எடுத்து வாசிச்சு பாருங்க, எங்க மூச்சு எடுக்கறாங்கன்னு கவனிச்சாலே பாதி பாடம். இந்த காலத்து ஆளுன்னா லண்டன்ல தியான் க்ராஸ். ஹவர்ட் ஜான்சன் 2021-ல இறந்தாரு, அவரு டியூபாங்களையே கூட்டமா சேத்து கிராவிட்டின்னு ஒரு குழு வெச்சிருந்தாரு, டியூபாவுல சோலோவா, மேல் நோட்டு வருமான்னு சந்தேகம் இருக்குறவங்க அத கேட்டா போதும். எங்க ஏரியாவுக்கு ஒரு அதிர்ஷ்டம், பக்கத்துல டென்டன்ல இருக்குற நார்த் டெக்சாஸ் யூனிவர்சிட்டி தான் 1947-ல அமெரிக்காவுலயே மொத ஜாஸ் டிகிரி ஆரம்பிச்ச இடம், அங்க பேண்டுங்க கச்சேரி நடக்கும்போது அம்மா கார் ஓட்ட நான் பின்னாடி சீட்டுல ஹோம்வொர்க் பண்ணிகிட்டே போவேன்.

சோலோ பத்தி, கேளுங்க, டைரக்டர்கிட்ட வாய விட்டு கேளுங்க. டியூபாவுக்கு சோலோ குடுக்கணும்னு யாருக்கும் தானா தோணாது. நான் கேட்டப்புறம் ஒரு ஸ்லோ ப்ளூஸ்ல 12 பார் குடுத்தாரு, நான் அடிய விட்டு மேல வந்ததும் பியானோவோட இடது கை பேஸ எடுத்துக்கிச்சு, ட்ரம்மர் ப்ரஷ்ஷுக்கு மாறினான், ட்ரம்பெட் வரிசை மொத்தமும் திரும்பி பாத்துச்சு. கம்மி நோட்டு, பெரிய இடைவெளி, அதான் இந்த கருவிக்கு பொருந்தும்.

கஷ்டமும் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. டெக்சாஸ்ல ஆகஸ்ட்ல இருந்து இலையுதிர் காலம் வரைக்கும் மார்ச்சிங் பேண்டு தான் எல்லாம், அதுல தோள்ல சூசஃபோன், வெயில்ல, அது முடிச்சுட்டு சாயங்காலம் ஜாஸ் ரிகர்சல்ல உக்காரும்போது உதடு செத்துப் போயிருக்கும், அந்த மாசங்கள்ல வீட்டுல ப்ராக்டிஸ குறைச்சுக்கறது தான் புத்தி. ஸ்கூல் சாமான் சிலது படுமோசமா இருக்கும், எனக்கு ஒரு வருஷம் வந்ததுல ரெண்டாவது வால்வு அமுக்குனா மேல வரவே வராது, கச்சேரி நடுவுல விரலால தூக்கி விட்டுருக்கேன், ரிப்பேருக்கு அனுப்ப சொல்லி கேட்டு கேட்டு ஒரு செமஸ்டரே ஓடிடுச்சு. நாம பண்ண முடிஞ்சது வால்வுக்கு டெய்லி எண்ணெய், ஸ்லைடுக்கு மாசத்துக்கு ஒரு தடவ கிரீஸ், லீவுல பாத்டப்புல வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு கொஞ்சம் ஊத்தி பாம்பு ப்ரஷ் (குழாய்க்குள்ள வளைஞ்சு போற நீள ப்ரஷ்) விட்டு கழுவறது. கொதிக்கிற தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, மேல பூசியிருக்குற லாக்கர் (பளபளப்பு பூச்சு) உரிஞ்சிடும்.

காசு விஷயம், டியூபா சொந்தமா வாங்க பல ஆயிரம் டாலர் ஆகும், வாங்க வேண்டாம், டியூபா மாதிரி பெரிய சாமான ஸ்கூலே குடுக்கறது தான் வழக்கம், சில இடத்துல வருஷத்துக்கு ஒரு சின்ன ஃபீஸ். ரிகர்சலுக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு குடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, எனக்கு கிடைச்சது, பஸ்ல தூக்கிட்டு போற பாடு மிச்சம். நீங்க காசு போட வேண்டியது மவுத்பீஸுக்கு மட்டும் தான், நான் ஹெல்லபெர்க்ங்கற மாடல் வாங்கினேன், கீழ் நோட்டு அதுல நல்லா திறந்து வரும், இன்னைக்கும் அது தான். பல்லுக்கு கிளிப் போட்டிருக்குற பசங்க பயப்பட வேண்டாம், மவுத்பீஸ் பெருசுங்கறதால ட்ரம்பெட் அளவுக்கு உதட்ட குத்தாது, நான் ரெண்டு வருஷம் கிளிப்போட தான் வாசிச்சேன். அபார்ட்மெண்ட்ல இருக்குறவங்க சாயங்காலம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல முடிச்சுக்கோங்க, கீழ் வீட்டுக்காரங்ககிட்ட மொதல்லயே போயி சொல்லிட்டா பிரச்சனை வராது, எங்க கீழ் வீட்டு பாட்டி கச்சேரிக்கே வந்தாங்க.

ஹைஸ்கூல் சேரப்போற பிள்ளைங்க இருந்தா வசந்த காலத்துலயே டைரக்டர்கிட்ட போயி ஜாஸ் ஆடிஷனுக்கு டியூபா எடுப்பீங்களான்னு கேளுங்க, எடுப்போம்னு சொன்னா பேஸ் சார்ட்டு ஒரு காப்பி அப்பவே வாங்கிக்கோங்க, கோடை லீவு முழுக்க ஆக்டேவ் இறக்கி வாசிச்சு பழகறதுக்கு அது போதும்.