கியூம்ரி நடைச் சுற்று: பெயர்க் கதை பிரமாதம், ஆட்கள் கதை அரைகுறை

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலிருந்து ரயிலில் போய், அதே நாட்டின் இன்னொரு ஊரான கியூம்ரியில் ஒரு கைடோடு மூன்று மணி நேரம் நடந்தேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கைடு யாரென்று சொல்லப் போவதில்லை, நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

முதல் ஒன்றரை மணி நேரம் அருமை. கறுப்பும் சிவப்புமான டஃப் என்கிற எரிமலைக் கல்லில் கட்டிய 19ஆம் நூற்றாண்டு வீடுகள் வரிசையாக நிற்கிற பழைய தெருக்கள், அந்தத் தெருக்களிலேயே ஊரின் பெயர்களையும் சொல்லி முடித்தார். குமாய்ரி என்று இருந்தது, 1837இல் ஜார் முதலாம் நிக்கோலாய் வந்து தன் மனைவி பெயரில் அலெக்சாந்த்ரபோல் ஆக்கினார், லெனின் இறந்த 1924இல் லெனினகான் ஆனது, சோவியத் சரிந்த சமயத்தில் கொஞ்ச காலம் மறுபடி குமாய்ரி, அப்புறம் கியூம்ரி. ஒரு பாட்டி ஊரை விட்டு நகராமலே நாலு பெயரில் வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் பெயர்ப்பலகை மாறிய கதைதான் வந்தது, பலகைக்குக் கீழே இருந்த ஆட்கள் மாறிய கதை அவ்வளவாக வரவில்லை. 1828-29 ரஷ்ய-துருக்கிப் போருக்குப் பிறகு இன்றைய துருக்கியில் இருக்கிற கார்ஸ், எர்சுரும் பக்கமிருந்து வந்து குடியேறிய ஆர்மேனியர்கள்தான் அலெக்சாந்த்ரபோலை ஊராக்கியவர்கள். அதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஒட்டோமான் ஆட்சியில் 1915இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலைக்குப் பின் 1920களில் காலி ரஷ்யப் படைமுகாம்களில் 20,000க்கும் மேல் அனாதைப் பிள்ளைகளை அமெரிக்க நிவாரண அமைப்பு ஒன்று வைத்து வளர்த்தது இதே ஊரில்தான். ‘அமெரிக்காவே, உனக்கு நன்றி’ என்று ஆங்கில எழுத்துகளின் வடிவில் அந்தப் பிள்ளைகளையே வரிசைப்படுத்தி எடுத்த படம் ஒன்று உண்டு, பார்த்தால் மனசு என்னமோ செய்யும். அதற்கு இரண்டே வாக்கியம், உடனே காபிக் கடை. காபி நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

1988 டிசம்பர் 7 காலை 11:41க்கு வந்த நிலநடுக்கத்துக்கு மட்டும் நிதானமாக நின்றார். யோத் வெர்க் தேவாலயத்தில் அன்று விழுந்த சிறு கோபுர முடிகளை அப்படியே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள், அவற்றின் பக்கத்தில் நின்று கேட்கும்போது குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. நிலநடுக்கத்துக்கு முன் லெனினகானில் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் கியூம்ரிக்கு 1,21,976. செத்தவர்கள் போக மீதிப் பேர் எங்கே? 90களில் ஆலையும் இல்லை, மின்சாரமும் ஒழுங்காக இல்லை, வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெயர் மாறுகிற நேரத்தில் ஊர் ஏறக்குறைய பாதியாகிவிட்டது, இதைத்தான் நான் விரிவாக எதிர்பார்த்தேன்.

டோமிக் பக்கம் போகலாமா என்று கேட்டேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிகம் என்று கொடுத்த தகர வீடுகள் அவை, ஒரு தலைமுறையே அதற்குள் வளர்ந்துவிட்டது. ‘அங்கே பார்க்க ஒன்றுமில்லை’ என்றார். சரி, காட்சிப்பொருளாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், அதை மதிக்கிறேன். வாயால் சொல்லியிருக்கலாமே.

போகிறவர்கள் கைடிடம் முன்கூட்டியே ‘மக்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள்’ என்று கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்கிறார். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயில் அடித்தாலும் காற்று சுருக்கென்று குத்தும், ஸ்வெட்டர் கட்டாயம்.