பதிவிறக்க மென்பொருள்களின் கோப்பு வடிகட்டி: ஒரு மதிப்பீடு

பதிவிறக்க மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் வேகத்தையே முதலில் பார்க்கிறார்கள். ஆனால், எந்தக் கோப்பைத் தானாக எடுத்துக்கொள்வது, எதை உலாவியிடமே விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் வடிகட்டி சரியாக அமையாவிட்டால், எவ்வளவு வேகமான மென்பொருளும் நாள் முழுவதும் எரிச்சலையே தரும்.

இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரின் அமைப்புகளில் 'ஃபைல் டைப்ஸ்' பகுதியைத் திறந்தால், ஜிப், எம்பி3, எம்கேவி, ஐஎஸ்ஓ, பிடிஎஃப் என எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள், ஒரே பெட்டிக்குள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கின்றன. வேண்டியதைத் தட்டச்சு செய்து சேர்க்கலாம், வேண்டாததை அழித்துவிடலாம். இவ்வளவு வெளிப்படையான அமைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தப் பட்டியலில் 'ஆர்0*', 'ஆர்1*' என்ற இரண்டும் இருக்கும். பழைய முறையில் துண்டாக்கப்பட்ட ஆர்ஏஆர் என்னும் சுருக்கக் கோப்புகள் ஆர்00, ஆர்01 என்று எண் ஏறிக்கொண்டே போவதால், ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுப் பத்துப் பத்தாகப் பிடிக்கிறார்கள். ஆனால் ஆர்20 முதலான துண்டுகளுக்கு இந்த இரண்டும் பொருந்தா. பெரிய தொகுப்புகளை இறக்குபவர்கள் 'ஆர்2*' என்பதைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப் பட்டியலில் இருப்பதால், உலாவியிலேயே படித்துவிட்டு மூட நினைத்த ஆவணமும் வட்டில் வந்து சேர்ந்துவிடுகிறது. அதை நீக்கிவிடுவதே நல்லது. ஒரே ஒரு முறை தவிர்ப்பதற்கு ஆல்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் போதும்.

எக்ஸ்டென்ஷன் என்பது பெயரின் வால் மட்டுமே என்பதுதான் இதிலுள்ள அடிப்படைச் சிக்கல். '.டிஎஸ்' என்று முடியும் கோப்பு காணொளித் துண்டாகவும் இருக்கலாம், டைப்ஸ்கிரிப்ட் நிரலாகவும் இருக்கலாம். பல தளங்களில் இணைப்பு '.பிஎச்பி' என்ற இணைய நிரலின் பெயராக இருக்க, உண்மையான கோப்புப் பெயரோ சர்வர் கோப்புக்கு முன் அனுப்பும் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்ற தகவல் வரியில்தான் வருகிறது.

பக்கத்திலுள்ள இணைப்புகளை மொத்தமாகத் திரட்டும் டவுன்தெம்ஆல் என்ற உலாவி நீட்சியில் இந்தக் குறை தெளிவாகத் தெரிகிறது. '*.பிடிஎஃப்' என்று எழுதியவுடன் நூற்றுக்கணக்கான இணைப்புகளிலிருந்து ஆவணங்கள் மட்டும் தேர்வாகும் அழகுக்கு ஈடில்லை. இன்னும் நுணுக்கமாகப் பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற குறியீட்டு வடிவத்திலும் எழுதலாம். ஆனால் இணைப்பிலேயே அந்தப் பெயர் இல்லாத ஆவணங்கள் விடுபட்டுப் போகும்.

ஜேடவுன்லோடர் என்ற மற்றொரு பதிவிறக்க மென்பொருள் இதில் ஒரு படி மேல் என்பது என் முடிவு. அதில் இணைப்புகளைத் திரட்டும் பகுதியான 'லிங்க்கிராபர்' அவற்றைச் சர்வரில் சரிபார்த்து, பெயரையும் அளவையும் அறிந்த பிறகே பட்டியலிடுவதால், வடிகட்டி இணைப்பின் வாலை மட்டும் நம்பி இயங்குவதில்லை. விதிகளை அமைக்கும் பக்கம் புதியவர்களை மிரட்டும் அளவுக்கு நெரிசலானது என்பது உண்மைதான். இருந்தாலும், வடிகட்டப்பட்ட இணைப்புகளை ஓசையின்றித் தூக்கி எறியாமல், எத்தனை ஒதுக்கப்பட்டன என்று காட்டி, வேண்டுமானால் மீட்டுக்கொள்ளவும் அது வழி வைத்திருக்கிறது. தவறாக எழுதிய விதியால் தேவையான கோப்பு காணாமல் போவதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. மற்ற இரண்டும் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.