கணினி மாறியது, விரல் மாறவில்லை: என் விசைப்பலகையோடு பத்து வருடம்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கிட்ட ஒரு சின்ன ரைப்செற்றிங் கடை வைத்திருக்கிறேன். பெட்டிசம், காணிக் கடிதம், பாடசாலை வினாத்தாள், கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் அடிப்பேன். என் விரலுக்குத் தெரிந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசை வரிசை ஒன்றுதான். ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி விசை: ஐந்து தட்டு, திரையில் ‘தமிழ்’. கீபோட்டைப் பார்க்கத் தேவையில்லை. பார்த்தால்தான் பிழைக்கும்.

பாமினி எழுத்துருவையே வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்ட ஏற்பாடு. எந்த இயங்குதளத்துக்கு மாறினாலும் எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் சரி. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் “அண்ணை, உதை வட்ஸ்அப்பில அனுப்பி விடுங்கோ” என்று கேட்கத் தொடங்கியபோது பிடி விட்டுப்போனது. போனில் உடுப்பு கழன்று வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் குறியீடு வேண்டும், ஆனால் விரல் பாமினியிலேயே ஓட வேண்டும். 2016 இல் எனக்கென்று ஒரு விசைப்பலகை அமைப்பைச் செய்துகொண்டது அதற்காகத்தான்.

அப்போது பாவித்தது மைக்ரோசொஃப்ட் கீபோட் லேஅவுட் கிரியேற்றர். திரையில் கீபோட்டின் படம் வரும். விசையைத் தட்டி, அதில் என்ன வர வேண்டும் என்று எழுதிவிடலாம். ஒரு விசைக்கு நான்கு குறியீடுகள் வரை கொடுக்கலாம். ‘ஸ்ரீ’ சரியாக நான்கு: ஸ, குற்று, ர, ஈகாரக் குறி. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதில் எனக்கு ஒரே சந்தோசம்.

பொருந்தாதது கொம்பு. ‘கொ’ அடிக்க என் விரல் ஒற்றைக்கொம்பு, க, அரவு என்று, கையால் எழுதும் ஒழுங்கிலேயே போகும். யூனிகோடிலோ முதலில் க இருக்க வேண்டும், கொம்பு அதற்குப் பின்னால். இந்த வகை விசைப்பலகைக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. தட்டியதைக் கக்கும், அவ்வளவுதான். ஆகவே நான்தான் விரலை மாற்றிப் பழக்கினேன்: க முதலில், கொம்பு பிறகு, ‘ொ’ வுக்குத் தனி விசை. அரைப் பாமினி, அரை வேறெதுவோ. நான்கு வருடம் அப்படியே ஓடியது.

2020 ஜனவரி 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 7 க்கான ஆதரவு முடிந்தது. கணினியை ஒரு கடையில் கொடுத்து 10 போடச் சொன்னேன். அவர்கள் வட்டைத் துடைத்துப் புதிதாகவே போட்டார்கள். அது நான் கேட்டதுதான். கொடுக்க முதல் ஆவணங்கள், படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்தும் வைத்திருந்தேன். விசைப்பலகை மட்டும் நினைவில் வரவில்லை. எப்படி வரும்? அது ஆவணக் கோப்புறையில் இருக்கும் சாமான் இல்லை. அதன் டிஎல்எல் கோப்பு விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32 க்குள் கிடக்கும், பதிவு விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் கிடக்கும். வட்டைத் துடைத்தால் இரண்டும் போய்விடும். மூலக் கோப்பான கேஎல்சியை எப்போதோ ‘இனித் தேவையில்லை’ என்று நானே அழித்திருந்தேன். நிறுவியிருக்கும் விசைப்பலகையை அதே கிரியேற்றருக்குள் ஏற்றி, மறுபடி கேஎல்சியாகச் சேமிக்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நிமிட வேலை. உங்களிடம் சொந்த அமைப்பு இருந்து மூலக் கோப்பு இல்லையென்றால், மிச்சத்தை வாசிக்க முதல் போய் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

ஒரு பின்னேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஞாபகத்தில் இருந்து திரும்ப வரைந்தேன். ‘ஸ்ரீ’ வந்தபோது கொஞ்சம் கெட்டித்தனம் காட்டினேன். எழுத்து அட்டவணையில் ‘ஶ’ என்று ஓர் எழுத்து கண்ணில் பட்டது. 2005 இல் யூனிகோட் 4.1 இல் சேர்ந்தது அது. இதுதான் சரியானது என்று அதையே வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து இரணைமடுப் பக்கத்தில் இருந்து ஓர் ஐயா வந்தார், தங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலோடு. பழைய பட்டியல் நான் அடித்தது, புதிதாகச் சேர்ந்தவர்களையும் நானே சேர்த்திருந்தேன். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்களைத் தேடச் சொன்னார். நான்கு பேர் வந்தார்கள்.

“தம்பி, பதினொரு பேர் இருக்கவேணும். ஏழு பேரைக் காணேல்லை.”

“இல்லை ஐயா, நாலுதான் காட்டுது.”

“நான் கண்ணால பாக்கிறன், இந்தா இருக்கு” என்று திரையில் விரலை வைத்தார்.

இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஸ்ரீயைக் கணினி இல்லை என்கிறது. எலிக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் ஒரு பெயரை வேறு பக்கத்தில் ஒட்டி, ஸ்ரீக்குப் பின்னால் நின்று பின்னழி விசையை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஈகாரம் போனது, ர போனது, மிஞ்சியது ‘ஸ்’. புதுப் பெயர் ஒன்றில் அதையே செய்தேன். மிஞ்சியது ‘ஶ்’. சேர்ந்து நிற்கும்போது இரண்டும் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு எழுத்து. ஐயா தேநீர் குடித்து முடிக்கும்வரை இருந்து எல்லாவற்றையும் ஸ வுக்கே மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, பிழை என்னுடையது.

அந்தக் கிழமையே கீமேனுக்கு மாறினேன். எஸ்ஐஎல் என்ற மொழி ஆய்வு நிறுவனம் வெளியிடும் திறந்த மூல விசைப்பலகை மென்பொருள், இலவசம். தமிழ் அடிக்க முந்தி பலர் பாவித்த இ-கலப்பை மென்பொருளின் ஆரம்பப் பதிப்புகளும் கீமேன்மேல்தான் ஓடின. இதில் விசைப்பலகை என்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு விதி. ‘முன்னால் கொம்பு நிற்கிறது, இப்போது மெய்யெழுத்து வருகிறது என்றால் இடத்தை மாற்று’ என்று எழுதலாம். ‘கெ இருக்கிறது, அரவு வருகிறது என்றால் கொ ஆக்கு’ என்றும் எழுதலாம். இதற்குத் திரும்பிப் பார்க்கத் தெரியும். நான்கு வருடம் வளைத்து வைத்திருந்த விரலை மறுபடி நிமிர்த்த இரண்டு நாள் கூடப் பிடிக்கவில்லை.

ஔகாரத்தில் மட்டும் ஒருமுறை வழுக்கினேன். பாமினியில் ‘கௌ’ வின் பின்பாதிக்கு ள விசையைத்தான் தட்டுவோம். அதனால் ‘கெ, பிறகு ள என்றால் கௌ ஆக்கு’ என்று எழுதினேன். கௌரி நன்றாக வந்தது. அடுத்த நாள் ஒரு மீன் வியாபாரிக்கு விலைப்பலகை அடிக்கும்போது கெளிறு மீன் குலைந்து நின்றது. அந்த விதியை வெட்டிவிட்டு ஔகாரத்துக்குத் தனி விசை கொடுத்தேன்.

2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இன் முறை. என் பழைய பெட்டியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலியும் காலம் கடந்தது. 11 க்கு அது தகுதியில்லை. வவுனியாவில் பாவித்த கணினி ஒன்று வாங்கினேன். கீமேனை நிறுவி, பென்ட்ரைவில் இருந்த என் விசைப்பலகைப் பொதியை இரண்டுமுறை தட்டினேன். முடிந்தது. 2020 இல் ஒரு பின்னேரமும் பிறகு ஒரு சங்கப் பட்டியலும் தின்ற வேலை இது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை), தமிழ் (இந்தியா) என்று இரண்டும் சேர்ந்துவிட்டால், விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டும்போது வேண்டாததெல்லாம் சுற்றி வரும். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்.

பழைய பெட்டியை எறிய மனமில்லாமல் லினக்ஸ் போட்டேன். லினக்ஸில் பல மொழிகளை அடிக்க உதவும் எம்17என் தொகுப்பில் ரெங்கநாதன் விசைப்பலகை தயாராகவே இருக்கிறது. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326 இல் உள்ளதும் அதுதான், பாமினிக்கு நெருங்கிய சொந்தம். என் ஒன்றிரண்டு மேலதிக விசைகளை அந்தக் கோப்பிலேயே திருத்தினேன். அடுத்த புதுப்பிப்பில் மூலப்பிரதி வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. கணினித் தொகுப்புக்குள் கை வைத்தால் அப்படித்தான். இப்போது வீட்டுக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் எம்17என் மறைகோப்புறையில் என் பிரதி இருக்கிறது. அதைப் புதுப்பிப்பு தொடுவதில்லை.

கீமேனில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இன்னொரு மென்பொருள் எப்போதும் பின்னால் ஓட வேண்டும். அழைப்பிதழுக்கு நான் பாவிக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோட்டே ஒத்துவராது, அதற்கு இன்னும் பாமினி எழுத்துருதான். இன்றைக்குத்தான் தமிழ் அடிக்கப் பழகுகிறவருக்கு இதெல்லாம் தேவையும் இல்லை. விண்டோஸ் 11 இலேயே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. அதில் பழகினால் என்னைப்போல் மூட்டை சுமக்க வேண்டியதில்லை.

கடையில் உதவிக்கு நிற்கும் தங்கச்சி அஞ்சல்காரி. போனில் பழகிய கை, ஆங்கில உச்சரிப்பில் அடித்தே என்னை முந்துகிறாள். அவள் எழும்பிய கதிரையில் நான் உட்கார்ந்து ஒரு மரண அறிவித்தலை நாலு வரி அடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் எந்த மொழியும் இல்லை. இப்போது எழும்பும்போதே “அண்ணா, உங்கட கீபோட்டுக்கு மாத்தி விட்டிட்டன்” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.