மூன்று வார லீவும் முடியின் கணக்கும்

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே அக்கா கேட்டுவிட்டாள். "வீட்டுக்குள்ள எதுக்குடா தொப்பி?" பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டேன். இந்த முறை 3 வாரம் லீவு போட்டு வந்ததே தலைமுடிக்கு வைத்தியம் பார்க்கத்தான் என்று அவளிடம் சொல்ல ராத்திரி ஆகிவிட்டது.

எனக்கு 36 வயது. 31-இல் நெற்றி ஓரங்கள் ஏற ஆரம்பித்தன, அப்புறம் உச்சி. முடி போனதைவிட, அதனால் நானாக விட்டுவிட்டவைதான் அதிகம். நீச்சலை விட்டேன். அலுவலகக் கூட்டங்களில் எனக்குப் பின்னால் யாரும் உட்கார முடியாதபடி சுவரை ஒட்டிய நாற்காலியாகத் தேடிப் பிடிப்பேன். லிஃப்டில் விளக்குக்கு நேர் கீழே நிற்க மாட்டேன். யாராவது பேசும்போது அவர்கள் பார்வை ஓர் அங்குலம் மேலே போனாலும் பேச வந்தது மறந்துவிடும். கடைசி 2 மாதமாக முடி கொத்தாக வந்தது. கையோடு வந்த முடிகளைக் குளியலறைச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி எண்ணியிருக்கிறேன். நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு என்பது தெரியும். 140-ஐத் தாண்டிய அன்று எண்ணுவதை நிறுத்தினேன்.

நான் இருக்கும் நாட்டில் தோல் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் போன் பண்ணிய அன்றே நேரம் கிடைத்தது. முதலில் போனது விளம்பரம் பார்த்து வைத்திருந்த ஒரு முடி நடும் மையம். நன்றாகவே கவனித்தார்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். பிறகு கவுன்சிலர் என்று ஒருவர் வந்து, என் படத்தின் மேலேயே அடர்த்தியான முடியை வரைந்து பெரிய திரையில் காட்டினார். "நார்வுட் 4-ம் நிலை சார். 3,000 கிராஃப்ட் வைக்கலாம். நாளை மறுநாள் ஒரு இடம் காலியா இருக்கு. இப்ப விட்டா அப்புறம் எதுவும் பண்ண முடியாது."

கிராஃப்ட் என்றால் பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் சின்னச் சின்ன முடிக்கொத்து. நார்வுட் என்று அவர் சொன்னது, ஹாமில்டன் 1951-இல் வகுத்து, நார்வுட் 1975-இல் திருத்திய 7 நிலை அளவுகோல். ஆண்களின் வழுக்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அது சொல்லும். இப்போது ஏன் கொட்டுகிறது என்பதைச் சொல்லாது. டாக்டரை எப்போது பார்க்கலாம் என்றேன். ஆபரேஷன் அன்று பார்ப்பார் என்றார். என் தலையை அதுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தத் திரையில் இருந்தவனைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றோம்" என்று அக்காதான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். தன்னம்பிக்கை அடிமட்டத்தில் இருக்கிறவனிடம் இப்படித் தேதி நெருக்கிப் பேசுவது தப்பு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்து அக்காவுக்குத் தெரிந்த ஒரு தோல் டாக்டரிடம் போனோம். 2 மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அந்த அம்மா, "தொப்பிய எடுங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, விளக்கோடு கூடிய ஒரு சின்ன லென்ஸைத் தலையில் வைத்துத் திரையைக் காட்டினார். பிடரியில் ஒவ்வொரு குழியிலிருந்தும் இரண்டு மூன்று முடிகள், எல்லாம் ஒரே தடிமன். உச்சியில் தடித்த முடிக்குப் பக்கத்திலேயே பூனை மயிர் போல மெல்லியவை. பல குழிகளில் ஒற்றை முடிதான். "இந்த மெல்லிசா இருக்கறதெல்லாம் சாகல. சுருங்கிட்டு இருக்கு" என்றார். டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு அந்த இடத்து வேர்க்கால்கள் பரம்பரையாகவே எளிதில் பாதிக்கப்படுபவை, உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முடி இன்னும் மெலிந்து, இன்னும் குட்டையாக முளைக்கும் என்று விளக்கினார்.

பிறகு கேள்விகள். 3, 4 மாதத்துக்கு முன் என்ன நடந்தது? கடும் காய்ச்சலில் 10 நாள் படுத்திருந்தேன். அதுதான் விஷயம். காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், திடீர் எடைக்குறைவு போன்ற அதிர்ச்சிகளில் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். கொட்டுவது 2, 3 மாதம் கழித்துத்தான். அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆக, எனக்கு இரண்டு பிரச்சினை ஒன்றாகச் சேர்ந்திருந்தது. நான் பயந்து ஓடி வந்தது, தானாகச் சரியாகப் போகிற ஒன்றைப் பார்த்து!

ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது, முடிக்காக என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். பயோட்டின் மாத்திரை என்றேன். அதை நிறுத்தி, சில நாள் இடைவெளி விட்டுத்தான் ரத்தம் கொடுக்கச் சொன்னார். பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவைப் பொய்யாகக் காட்டிவிடுமாம். இதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

மருந்து என்று வந்தபோது அவர் அவசரப்படவில்லை. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை 1992-இல் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு வந்தது, 1997-இல் 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கு. அது டிஹெச்டி உண்டாவதையே குறைக்கும். இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். "மனசு எப்படி இருக்கு? தூக்கம்? இந்த முடியால எதையெல்லாம் விட்டுட்டீங்க?"

அதுவரை இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீச்சலைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் சில மாதங்கள் மனச்சோர்வில் கிடந்ததையும் சொல்லிவிட்டேன். அது அவளுக்கே தெரியாது. ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும், மனநிலையைப் பாதிக்கும், தற்கொலை எண்ணம் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025-இல் உறுதி செய்திருக்கிறது என்றார். அதனால் இப்போதைக்கு மினாக்சிடில் மட்டும். வீட்டில் பூனை இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். அந்த மருந்து பூனைகளுக்கு விஷம், தலையணையில் ஒட்டினாலும் ஆபத்து.

முடி நடுவதை அவர் வேண்டாம் என்று தள்ளவில்லை. பிடரி முடியை எங்கே நட்டாலும் பிடரி முடியாகவே நடந்துகொள்ளும், ஆரன்ட்ரைக் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1959-இலேயே காட்டியது அது. ஆனால் பிடரியில் எடுக்க முடிந்தது அளவோடுதான். இப்படிக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கத்தி வைப்பது சரியில்லை. மருந்து இல்லாமல் நட்டால், நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி பின்வாங்கிக்கொண்டே போகும்.

என்னைப் போல லீவில் வருகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இந்த நாள் கணக்குதான். மினாக்சிடில் ஆரம்பித்த முதல் சில வாரங்கள் கொட்டுவது கூடும். பலன் தெரிய 4 முதல் 6 மாதம். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்ததெல்லாம் போய்விடும். நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்தெடுத்துத் தலையில் போடும் பிஆர்பி ஊசி பெரும்பாலும் மாத இடைவெளியில் 3 தடவை, என் லீவில் ஒன்றுதான் அடங்கும். அதைப் போடவே வேண்டாம் என்றார். நட்ட முடியும் சில வாரத்தில் உதிர்ந்து, 3, 4 மாதம் கழித்துத்தான் புதிதாக முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். நடுவில் புண், சீழ் என்று ஏதாவது வந்தால் விமானத்துக்கு அந்தப் பக்கம் இருப்போம், நட்டவர் இந்தப் பக்கம்.

ஆகவே, வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தோல் டாக்டரைப் பாருங்கள். கடைசி வாரத்தில் இன்னொரு தடவை பார்க்க நாள் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் எழுதி வாங்குங்கள், அப்போதுதான் நீங்கள் இருக்கும் நாட்டில் தேடிப் பிடிக்க முடியும். லென்ஸில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அவர் தயங்காமல் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் அக்கா என்னை முடி வெட்ட அழைத்துப் போனாள். வெட்டுகிறவர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, மறைக்கிற மாதிரி வெட்டவா, இல்ல சின்னதா வெட்டிரலாமா?" சின்னதாக என்றேன். ஓரங்களும் உச்சியும் ஒரே நீளத்துக்கு வந்ததும் இடைவெளி அவ்வளவாகத் தெரியவில்லை.

இது 5-ம் மாதம். முதல் 6 வாரம் கொட்டியது, பயந்தேன், அக்காவுக்குத் தினமும் போன் பண்ணினேன். இப்போது குளியலறைச் சுவரில் எண்ண எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை ஒரே ஜன்னலடியில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உச்சி தேறியிருப்பது தெரிகிறது. நெற்றி ஓரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. போன வாரம் விடியோவில் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். நடுவதைப் பற்றி ஒரு வருடம் முடிந்த பிறகு பேசலாம் என்றார். அப்புறம், "நீச்சல் போறீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமைகளில் போகிறேன்.