டக்ளஸின் கையொப்பம் என்று நம்பி 2,450 டாலர் இழந்தேன்: ஃபிரேமுக்குள் அடைத்த ஆவணங்களை வாங்காதீர்கள்

நேற்று மாலை விற்பனையாளரிடமிருந்து வந்த கடைசிப் பதிலைப் படித்துவிட்டு, அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களின் கடிதங்களையும் கையொப்பமிட்ட ஆவணங்களையும் சேகரிப்பவர்கள் நம்மிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது என்னைப்போல் 2,450 டாலரை இழக்காமல் தப்ப வேண்டும். வாங்கும் முன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1881 முதல் 1886 வரை வாஷிங்டன் நகரில் பத்திரப் பதிவாளராகப் பணியாற்றினார். அந்த ஆண்டுகளில் கைமாறிய வீடு, நிலங்களின் பத்திரங்களை மடித்து, பின்பக்கத்தில், எந்த நாளில் எந்தப் புத்தகத்தில் பதிவானது என்ற குறிப்பை எழுத்தர் எழுதியிருப்பார். அதன் கீழே பதிவாளரின் கையொப்பம் இருக்கும். டக்ளஸ் தம் கைப்பட எழுதிய கடிதங்களுக்கு விலை கொடுக்க இயலாத என் போன்றவர்களுக்கு எட்டுபவை இந்தப் பத்திரங்கள்தாம். அப்படிப்பட்ட ஒன்றைத்தான், பழைய கையொப்பங்களுக்கென்றே நடத்தப்படும் ஓர் இணைய ஏலத் தளத்தில், கடந்த ஏப்ரலில் கண்டேன். அழகிய மர ஃபிரேம். ஒருபுறம் டக்ளஸின் படம். மறுபுறம், ஆவணத்தின் மேல் வைக்கும் மவுண்ட் அட்டையில் வெட்டிய சிறு சன்னலின் வழியே தெரியும் பதிவுக் குறிப்பின் கடைசி இரண்டு வரிகளும் கையொப்பமும். பத்திரத்தின் முன்பக்கப் படத்தைத் தனியாக இணைத்திருந்தார்கள். அதில் 1885 நவம்பர் என்ற தேதி தெளிவாக இருந்தது.

விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் பேசினார். பால்டிமோரில் சிறுவன் டக்ளஸுக்கு எசமானி எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதையும், அடிமைக்கு எழுத்தறிவு கூடாது என்று அவள் கணவன் அதைத் தடுத்ததையும், பிறகு கப்பல் கட்டும் பட்டறையில் தச்சர்கள் மரத்துண்டுகளில் எழுதிய குறியெழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே அந்தச் சிறுவன் எழுதப் பழகியதையும் அவர் சொன்னபோது என் கண்கள் கலங்கிவிட்டன. என் மகளுக்கு நான் எத்தனையோ இரவுகள் சொன்ன கதை அது. நான் அந்தக் கையொப்பத்தை விரும்பியதற்குக் காரணமே அதுதான்: எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்ட கை இட்ட ஒப்பம். இதை இவ்வளவு உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அந்த நிமிடத்தில் நம்பிவிட்டேன். தளத்தின் வழியே பணம் செலுத்தினால் தரகு போய்விடும், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 2,600 டாலரில் 150 குறைத்துக்கொள்கிறேன் என்றார். அன்றிரவே 2,450 டாலரை அனுப்பினேன்.

அவருடைய விற்பனைப் பக்கத்தில் அடிமைகள் பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் 'தம் கைப்பட எழுதிய' கடிதம் ஒன்றும் இருந்தது. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓய்வூதிய விண்ணப்பத் தாள்களில்கூட அவர் கையொப்பத்துக்குப் பதிலாக இட்டது கீறல் குறிதான். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், விவரம் எழுதிய உதவியாளர் யாரோ செய்த பிழையாக இருக்கும் என்று கடந்து சென்றேன். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

ஆகஸ்டில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிவதைக் கண்டு, காகிதப் பாதுகாப்பில் தேர்ந்த ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பின்பக்க ஒட்டுத்தாளைப் பிரித்து மவுண்ட் அட்டையை உயர்த்தினார். சன்னலுக்கு மேலே, அட்டை மறைத்திருந்த இடத்தில், பதிவு நாள் இருந்தது: 1887 பிப்ரவரி 9. பத்திரம் எழுதியது 1885இல்தான். ஆனால் பதிவுக்கு வந்தது டக்ளஸ் அந்தப் பதவியை விட்டு விலகிய பிறகு. அந்தக் குளிர்காலத்தில் அவர் அமெரிக்காவிலேயே இல்லை. மனைவி ஹெலனுடன் ஐரோப்பாவிலும் எகிப்திலும் பயணம் செய்துகொண்டிருந்தார். உருப்பெருக்கியில் பார்த்தபோது எழுத்தரின் வரிகள் கூர்மையாக இருந்தன. கையொப்பத்தின் மை மட்டும் பழைய காகித இழைகளில் கசிந்து பரவியிருந்தது. காகிதம் உண்மையானது, பத்திரமும் உண்மையானது, கையொப்பம் மட்டும் பின்னாளில் யாரோ போட்டது.

வாங்கும் முன் இரண்டு மணி நேரத்தில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது பதில் அனுப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். முதலில், எழுத்தர் தேதியைத் தவறாக எழுதியிருக்கலாம் என்றார். டக்ளஸின் பயண விவரத்தை அனுப்பினேன். அடுத்து, எங்கள் நிபுணர் தம் கருத்தில் உறுதியாக இருக்கிறார் என்றார். அந்த நிபுணரின் பெயரைக் கேட்டதற்குப் பதிலில்லை. பிறகு, ஒட்டுத்தாளைப் பிரித்தால் வாழ்நாள் உத்தரவாதம் செல்லாது என்று, கையொப்பம் உண்மையானது என அவரே தந்திருந்த சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். தேதியை மறைத்து ஒட்டிவிட்டு, பிரித்துப் பார்த்தது என் குற்றம் என்கிறார்! ஏலத் தளத்திடம் முறையிட்டேன். பணம் எங்கள் வழியே வரவில்லை, திருப்பிக் கேட்கும் முப்பது நாளும் முடிந்துவிட்டது என்று, பெயர்கூட இடாமல் இரண்டு வரி எழுதினார்கள். வங்கியும் நீங்களே விரும்பி அனுப்பிய தொகை என்று கைவிரித்துவிட்டது. நேற்று விற்பனையாளர் 'இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடிகிறது' என்று எழுதியிருக்கிறார். 2,450 டாலர். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஃபிரேமைப் பிரித்து இரு பக்கங்களையும் முழுமையாகப் படமெடுத்து அனுப்பாத எவரிடமும் வாங்காதீர்கள். பத்திரம் எழுதிய தேதியைப் பார்க்காதீர்கள், பதிவான தேதியைப் பாருங்கள். விற்பவரே தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அதே விற்பனையாளரின் பக்கத்தில் இன்னொரு டக்ளஸ் பத்திரம் 2,700 டாலருக்கு வந்திருக்கிறது. அதே மர ஃபிரேம், அதே அளவுச் சன்னல். பதிவு நாள் இதிலும் தெரியவில்லை.