பனிக்காட்டுத் திகில் விளையாட்டு ஒன்றில் பணத்தையும் உழைப்பையும் இழந்தோம்: வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு

பனி உறைந்த வடதிசைக் காடொன்றில் தனித்து விடப்பட்ட ஒருவன் குளிரோடும், கண்ணுக்குப் புலப்படாத விலங்கொன்றோடும் போராடி உயிர்தப்ப முயல்வதாக அமைந்த திகில் விளையாட்டு ஒன்றை நானும் என் நண்பர்கள் மூவரும் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையத்தளத்தில் வாங்கினோம். அது சிறிய குழு ஒன்றின் தயாரிப்பு என்பதும், ஏர்லி அக்சஸ் எனப்படும் முடிவுறாத நிலையிலேயே விற்கப்படுகிறது என்பதும் எமக்குத் தெரியும். ஆகவே வழுக்கள் இருந்தன என்பதற்காக இதை எழுதவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடிய நேரம் கடக்கும் வரை மட்டுமே அந்த விளையாட்டு ஒழுங்காக இயங்கியது என்பதையும், விளையாடியவர்களிடமிருந்து கருத்துகளையும் திருத்தங்களையும் இலவச உழைப்பாகப் பெற்றுக்கொண்ட தயாரிப்பாளர்கள் பின்னர் அந்தக் கருத்துகளையே அழித்தார்கள் என்பதையும் எமது இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

குழுவின் பெயரையோ விளையாட்டின் பெயரையோ இங்கே தரவில்லை. அவர்கள் இப்போது அதே காட்டையும் அதே விலங்கையும் வைத்து வேறொரு தலைப்பில் இரண்டாவது விளையாட்டுக்கான பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். பழைய பெயரை மட்டும் அறிந்தவர் புதிய பெயரில் ஏமாறக்கூடும் என்பதால், அவர்கள் செய்த முறையை விரிவாகச் சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

மார்கழியிலும் தையிலும்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இப்படியொரு விளையாட்டை ஏன் நாடினோம் என்று சிலர் கேட்கக்கூடும். எம்மில் பலருக்கு அந்தப் பனிவெளி அந்நியமானது அன்று. 1980களில் இங்கிருந்து புறப்பட்டவர்களுள் கணிசமானோர் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். என் பெரிய மாமாவும் அவர்களுள் ஒருவர். கார்த்திகைக் கடைசியில் மறையும் சூரியன் தை மாத நடுப்பகுதி வரை எழாத அந்த நாட்களைப் பற்றியும், புதிதாகப் பெய்த பனி ஊரின் ஓசையையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதைப் பற்றியும், குளிர் கடுமையாகும்போது காலடியில் பனி கிறீச்சிடும் சத்தம் மாறுவதைப் பற்றியும் அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். திகிலுக்கு அதைவிடப் பொருத்தமான களம் வேறு இல்லை என்று இன்றும் நம்புகிறேன். நல்ல கருப்பொருள் வீணடிக்கப்பட்டது பற்றிய வருத்தம் பண இழப்பினால் வந்த வருத்தத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

தொடக்கம் மிகச் சிறப்பாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பழுதடைந்த பனிச்சறுக்கு ஊர்தியிலிருந்து இறங்கி, காற்று ஓய்ந்த காட்டின் ஊடாக ஒரு கண்காணிப்புக் குடிலை நோக்கி நடக்கும் பகுதியில், நமது காலடிச் சத்தத்துக்கு அரைக்கணம் பின்னால் இன்னொரு காலடி கேட்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். இரவில் ஹெட்போன் அணிந்துகொண்டு அதை விளையாடியபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்தது. ஆனால் அந்த நடை மிக நீண்டது. இடையிடையே தவிர்த்துச் செல்ல முடியாத உரையாடல்களும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முழுவதுமாக ஓடி முடியும் தொடக்கக் காட்சியும் இருந்தன. குடிலை அடைந்து, முதல் இரவைக் கடந்து, விலங்கின் உருவம் முதன்முறை தெரியும் இடத்தில், ஸ்டீம் எனது விளையாட்டு நேரம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. நண்பர்களுக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே நேரந்தான்.

இந்த இரண்டு மணி நேரம் தற்செயலான அளவு அன்று. ஸ்டீம் 2015இல் அறிமுகப்படுத்திய விதியின்படி, வாங்கி 14 நாட்களுக்குள்ளும், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியும் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பதிவிறக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாலும், இடைநிறுத்தி வைத்திருந்தாலும் அந்த நேரம் சேரும். விதி நியாயமானதே. அதை அறிந்துகொண்டு, உழைப்பையெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் கொட்டி, அதற்கு அப்பால் ஏறக்குறைய எதுவும் செய்யாமல் விட்டிருப்பது நியாயம் அன்று.

அப்பால் என்ன இருந்தது என்றால், ஒரே காட்டுத் துண்டு மீண்டும் மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது. முறிந்து சாய்ந்த ஊசியிலை மரமும் அதன் அருகில் கிடக்கும் சிவப்புக் கையுறையும் எத்திசையில் நடந்தாலும் திரும்ப வந்தன. காற்றின் திசையறிந்து நம் மணத்தை மோப்பம் பிடிக்கும் என்று விற்பனைப் பக்கம் சொன்ன விலங்கு, நாம் எங்கே ஒளிந்தாலும், நெருப்பு மூட்டினாலும் மூட்டாவிட்டாலும், குறித்த இடைவெளியில் ஒரே முழக்கத்தோடு தோன்றி மறைந்தது. இரண்டாம் முறையிலேயே பயம் போய்விட்டது. அதன் பின்னர் எஞ்சியது சலிப்பு மட்டுமே. உடல் வெப்பத்தைக் காட்டும் அளவியும் அவ்வாறே கடிகாரத்தைப் பார்த்து இறங்கியது. தடித்த அங்கியோடு குடிலுக்குள் அடுப்பருகில் இருந்தவனுக்கும், நனைந்த உடையோடு மேட்டில் நின்றவனுக்கும் ஒரே வேகத்தில் குறைந்தது.

குளிர் மனித உடலை என்ன செய்யும் என்பதில் திகிலுக்கான அத்தனையும் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது நடுக்கமும் தடுமாற்றமும் வரும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும், அறிவு கலங்கும், சிலர் வெப்பம் தாங்காதவர்கள்போல உடைகளைக் களைந்தெறிவார்கள். இதையெல்லாம் விளையாட்டில் அனுபவிக்கலாம் என்றுதான் அவர்களது பக்கம் சொன்னது. சிறிய குழுவால் இது இயலாது என்பதும் ஏற்கக்கூடிய விளக்கம் அன்று. கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனம் 2014இல் இதே ஏர்லி அக்சஸ் முறையில் வெளியிட்டு 2017இல் முழுமையாக்கிய ‘த லோங் டார்க்’ விளையாட்டில், ஒவ்வோர் உடைக்கும் வெப்பம் காக்கும் அளவு வேறாகவும் காற்றைத் தடுக்கும் அளவு வேறாகவும் இருக்கின்றன. காற்றுக்கு ஒதுக்கான இடத்தைத் தேடி நெருப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. அங்கே குளிர் நமது முடிவுகளுக்கு விடையளிக்கிறது.

சேமிக்கும் முறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது எங்களைப் போன்ற இடங்களில் இருப்போரைக் கூடுதலாகத் தாக்குகிறது. குடிலில் தூங்கினால் மட்டுமே முன்னேற்றம் சேமிக்கப்படும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் காற்றடித்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில், யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் விளையாடுபவர் மாலை முழுவதும் நடந்த தூரத்தை ஒரு நொடியில் இழப்பார். அதைவிட மோசமானது, ஒரு முறை மின்சாரம் போனபோது சேமிப்புக் கோப்பே பழுதாகி, முன்னர் சேமித்தவையும் திறக்காமல் போயின. பழைய கோப்பை வைத்துக்கொண்டு புதியதை எழுதி முடித்த பின்னரே மாற்றுவது எந்த நிரலாளரும் அறிந்த எளிய பாதுகாப்பு. இதை நாங்கள் விளக்கமாக எழுதி அனுப்பினோம். அடுத்த மேம்படுத்தல் வந்தபோது எல்லோருடைய சேமிப்பும் அழிந்தது.

எங்களை மிகவும் புண்படுத்தியது தமிழ் தொடர்பான விடயம். ஆதரிக்கப்படும் மொழிகளின் வரிசையில் தமிழும் இருந்ததே நாங்கள் வாங்கியதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. உள்ளே திறந்து பார்த்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. பல இடங்களில் வெறும் கட்டங்களே தெரிந்தன. காரணம் புதிரானது அன்று. அந்த விளையாட்டு, விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி என்ற மென்பொருளில் ஆக்கப்பட்டது. யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படும் எழுத்துக் கூறு, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு வேண்டிய இடமாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை. அதற்கென்று தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். திரையில் ஒரு வரியைத் தமிழ் தெரிந்த ஒருவருக்குக் காட்டியிருந்தாலே குறை தெரிந்திருக்கும். வாசகங்களும் எவரும் படித்துப் பார்க்காத இயந்திர மொழிபெயர்ப்பாக இருந்தன.

நாங்கள் முறைப்பாட்டோடு நிற்கவில்லை. உதவ முன்வருவோரை வரவேற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் எழுதியிருந்ததை நம்பி, பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் நண்பன் எழுத்துக் கோளாற்றைத் தீர்க்கும் வழியை எழுதிக் கொடுத்தான். உரையாடல்கள் முழுவதையும் அட்டவணையில் இட்டு நானும் மற்ற இருவரும் வரிவரியாகத் திருத்தி எழுதினோம். பனிவெளி தொடர்பான பகுதிகளை மாமாவிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தோம். நன்றி என்று ஒரு வரி வந்தது. அதன் பின்னர் அந்தத் தமிழ் விளையாட்டுக்குள் வரவேயில்லை. பழைய உடைந்த எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, விற்பனைப் பக்கத்தில் தமிழ் என்ற குறிப்பும் அப்படியே இருக்கிறது.

நிலைமையைக் கேட்டு மீண்டும் எழுதினோம். எங்கள் பதிவுகளும், வேறு நாடுகளில் இருந்து மற்றவர்கள் எழுதிய விரிவான வழுக் குறிப்புகளும் டிஸ்கோர்ட் என்ற அரட்டைத் தளத்தில் தயாரிப்பாளர்கள் நடத்தும் குழுவிலிருந்து நீக்கப்பட்டன. கடுஞ்சொல் எதுவும் அவற்றில் இருக்கவில்லை. கணினியின் பதிவேட்டுக் கோப்பை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிய குறிப்புகளும் அவற்றோடு போயின. எதிர்மறை மதிப்புரையை நேர்மறையாக மாற்றினால் அடுத்து வரும் கூடுதல் பகுதியை இலவசமாகத் தருவதாக எங்களில் ஒருவருக்குத் தனிச்செய்தி வந்தது. மதிப்புரைக்குக் கைம்மாறு கொடுப்பது ஸ்டீமின் விதிகளுக்கு முரணானது. அந்தச் செய்தியைத் திரைப்பிடிப்போடு முறையிட்டிருக்கிறோம்.

விலை 13 டொலருக்குச் சற்றுக் குறைவு. டொலர் 300 ரூபாவை ஒட்டி நிற்கும்போது ஒருவருக்கு ஏறக்குறைய 3,900 ரூபா. உயர்தரம் படிக்கும் பிள்ளை சேர்த்து வைத்துக் கொடுக்கும் தொகை அது. நால்வர் சேர்ந்து விளையாடலாம் என்ற வாக்குறுதிக்காகவே நாங்கள் தனித்தனியே நான்கு பிரதிகள் வாங்கினோம்; அந்தப் பொத்தானை அழுத்தினால் ‘விரைவில்’ என்ற வரி மட்டுமே வருகிறது.

இத்தகைய விளையாட்டொன்றை வாங்க எண்ணுபவர்கள், மொத்த மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல், மதிப்புரைகளை விளையாடிய நேரத்தின்படி வடிகட்டிப் பாருங்கள். ஸ்டீமில் அதற்கு வசதி இருக்கிறது. நாங்கள் வாங்கிய விளையாட்டைப் புகழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மணி நேரத்துக்குள் எழுதியவர்கள். நெடுநேரம் விளையாடியோரை மட்டும் எடுத்தால் படம் தலைகீழாகிறது. தயாரிப்பாளர் கடைசியாக எப்போது மேம்படுத்தினார் என்பதையும் பாருங்கள். நெடுங்காலம் அசையாமல் கிடக்கும் ஏர்லி அக்சஸ் விளையாட்டுகளின் பக்கத்தில் 2025 முதல் ஸ்டீமே அதைக் குறிப்பிடுகிறது. இப்போதுள்ள நிலையில் உங்களுக்கு விருப்பமில்லையென்றால் காத்திருங்கள் என்றும் அந்தப் பக்கங்களில் எழுதப்பட்டிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் உண்டு என்று போட்டிருந்தால், தமிழ் எழுத்து திரையில் ஓடும் காணொளி ஒன்றைக் கண்ட பின்னரே நம்புங்கள். தொடக்கக் காட்சி நீளமாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். நீளமாக இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: 14 நாட்கள் கடக்காமலும் இரண்டு மணி நேரம் ஆகாமலும் இருந்தால் இன்றே ஸ்டீமின் உதவிப் பக்கத்துக்குச் சென்று, கொள்முதலைத் தெரிவுசெய்து பணத்தைக் கோருங்கள். கடந்திருந்தாலும் கோரலாம், விதிக்கு வெளியே உள்ள கோரிக்கைகளையும் பரிசீலிப்பதாக ஸ்டீம் அறிவித்திருக்கிறது. 2023 டிசம்பர் 7ஆம் திகதி வெளிவந்த ‘த டே பிஃபோர்’ விளையாட்டின் தயாரிப்பு நிறுவனம் நான்கு நாட்களில் மூடப்படுவதாக அறிவித்தபோது, விளையாடிய நேரத்தைப் பாராமல் வாங்கிய அனைவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யப்பட்டது. கோரிக்கையில் பொதுவாக ‘நன்றாக இல்லை’ என்று எழுதாமல், பக்கத்தில் சொல்லப்பட்டு உள்ளே இல்லாதவை எவை என்பதைக் குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்து உடைந்து தெரியும் திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தில் உள்ள கொடிக் குறியை அழுத்தினால் அந்தப் பக்கத்தைப் பற்றி நேரடியாக முறையிடலாம்; நாங்கள் நால்வரும் மொழிக் குறிப்பு பொய்யானது என்று தனித்தனியே முறையிட்டிருக்கிறோம், அந்தக் குறிப்பு அகற்றப்படும் வரை தொடர்ந்து முறையிடுவோம்.